தளம் போட்டால் வீடு முடிந்ததா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கூரை வீட்டில் இருப்பவர் ஆசைப்படுவது தளம் போட்ட வீடு. அரசு உதவியில் கட்டும் வீட்டில், தளம் போட்டதும் வீடு முடிந்தது என்பதில் பயனாளி, மேஸ்திரி, அலுவலர் மூவருக்கும் கருத்து வேறுபாடில்லை. எரிசக்திச் சிக்கனம் என்று பேச்செடுத்தால், ஒரு விசிறியும் இரண்டு விளக்கும் உள்ள, அரசுத் திட்டத்தில் கட்டிய தொகுப்பு வீட்டில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது என்பார்கள். இரண்டும் தவறான எண்ணங்கள்.

மேல்பூச்சில்லாத நான்கு அங்குலக் காங்கிரீட் பகலெல்லாம் வெயிலை வாங்கி, சில மணி நேரம் தாழ்த்தி அறைக்குள் இறக்குகிறது. சித்திரை வைகாசியில் வெளிக்காற்று தணியும்போதுதான் உள்ளே புழுக்கம் ஏறுகிறது. சித்தாள் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்வந்த உடம்பு தூங்க வேண்டிய நேரம் அது. ஓயாமல் ஓடும் பழைய 75 வாட் விசிறி 60 நாளில் 108 யூனிட் எடுக்கும். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் அந்த ஒரு விசிறிக்கே போதாது. அத்தனையும் செலவழித்துச் சுழல்வது சூடான காற்றுதான். மின்சாரம் குறைவாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 43 யூனிட் போதும் என்றாலும், மேலிருந்து இறங்கும் வெப்பத்தை அதுவும் தடுக்காது.

ஏழை வீட்டில் கார்பன் எங்கே என்போர் அரியலூர் ஆலைகளைப் பார்க்கலாம். ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், அரசின் டான்செம் எல்லாம் அங்கே இருப்பதற்குக் காரணம் கிரிடேசியக் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். சிமென்ட் தயாரிப்பில் வெளியாகும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதன்று. சுடும்போது அந்தக் கல்லே விடுவது. மின் இணைப்பு வருமுன்பே தொகுப்பு வீட்டின் கார்பன் கணக்கில் கணிசமான பங்கு எழுதப்பட்டுவிடுகிறது. அவ்வளவு கொடுத்து வாங்கிய தளத்தின் கீழ் படுக்க முடியாமல் வாசலில் கட்டில் போடுவது வீண்செலவு.

2011இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரியசக்தி பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள் தந்தது. நல்ல விளக்குகள்தான், ஆனால் விளக்கு புழுக்கத்தைத் தணிக்காது.

இப்படிச் சொல்வதால் ஓலைக்குத் திரும்பச் சொல்வதாகாது. கீற்று தீப்பிடிக்கும், ஒழுகும், அடிக்கடி மாற்றவும் வேண்டும். குளிர்ச்சி ஒன்றே அதன் நன்மை. அந்தக் குளிர்ச்சியைத் தளத்துக்கும் தர வழியுண்டு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டு ஓடு பதிப்பது தமிழ்நாட்டுக் கொத்தனாருக்குப் பழகிய வேலை. அதற்கும் வழியில்லாவிட்டால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். புதிதாய் அடித்த சுண்ணாம்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. பிரிட்டனில் அரசுக் குடியிருப்புகளுக்குள் சூட்டைத் தக்கவைக்க உறை போடுகிறார்கள்; இங்கே அதே வேலை சூட்டை வெளியே நிறுத்த.

தடையாக இருப்பது தொழில்நுட்பம் அன்று, வீட்டுக்கான செலவு மதிப்பீடு. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. பயனாளியே கட்டும் வீட்டில் தளத்தின் மேல் ஓடு பதிக்கும் வேலை கடைசியில் வருவது. கைக்காசு தீர்வதும் அங்கேதான். அதற்கென ஒரு தவணையை ஒதுக்கி, அந்த வேலை முடிந்த பிறகே வீடு நிறைவடைந்ததாகச் சான்று தரலாம். வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதிகளாக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்தது. வெறும் தளம் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை விடுகிறது. ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கே என்று எழுதப்பட்டது. தொகுப்பு வீட்டு மனை பொதுவாக அந்த அளவை எட்டாது.