எவ்வளவு கேட்பது?

போன மாதம் என் தங்கை மகன் வந்திருந்தான். ஒரகடத்தில் கம்பெனி வேலை. கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் வாடகை வீடு. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறானாம். பன்னிரண்டு வருஷக் கட்டடம், இரண்டாவது மாடி, 900 சதுர அடி.

"மாமா, நாப்பது லட்சம் சொல்றாங்க. நான் எவ்வளவு கேக்கலாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "பாதியில இருந்து ஆரம்பிடா." காந்தி ரோடு ஜவுளிக்கடையில் வெளியூர்க்காரர்கள் கையாளும் வழி இது. புடவைக்கு எடுபடலாம். வீடு விற்கிறவரிடம் பாதி விலை கேட்டால் அடுத்த பேச்சு இருக்காது.

இதில் என் கருத்து ஒன்றுதான். அவர் சொன்ன விலையிலிருந்து கீழே இறங்கி வராதே, உன் கையிருப்பிலிருந்து மேலே ஏறிப் போ. எங்கே நிற்கவேண்டும் என்பதை உன் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய். அவர் வீட்டுக் கூடத்தில் முடிவு செய்யாதே.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. 1996-ல் முதல் வீடு வாங்கப் போனபோது 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் முடியாது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர்கள் காபி கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். என் மனைவி வாசலைப் பார்த்துவிட்டு "இங்க நல்லா கோலம் போடலாம்" என்றாள். குறைத்துக் கேட்க எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் சொன்ன 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கே தலையாட்டினேன். பத்திரச் செலவு வந்தபோது கையில் பணமில்லை. அவள் வளையல் நாலும் அடகுக்குப் போய், மீட்க இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே மருமகனை முதலில் காகிதமும் பேனாவும் எடுக்கச் சொன்னேன். அவனிடம் இருப்பது பத்தரை லட்சம். பாங்க் 80 சதவீதம்தான் தரும் என்று சொல்லியிருக்கிறது. பழைய ஃப்ளாட்டுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்தச் செலவை பாங்க் வீட்டுக் கடனில் சேர்க்காது. ஆக விலையில் 29 சதவீதம் சொந்தப் பணம். நாற்பது லட்சம் என்றால் 11 லட்சத்து 60 ஆயிரம் வேண்டும். 34 லட்சம் என்றால் 9 லட்சத்து 86 ஆயிரம். மீதி தரகுக்கும் வெள்ளையடிக்கவும் சரியாக இருக்கும். அவனுடைய எல்லை 34 லட்சம்.

அடுத்தது, பொருள் அந்த விலை பெறுமா? பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருந்த அவன் அப்பா, புடவையின் பளபளப்பைப் பார்த்து ஒருநாளும் விலை சொன்னதில்லை. பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு என்றுதான் கேட்பார். ஃப்ளாட்டில் ஜரிகை என்பது நிலம். கட்டடம் வருஷா வருஷம் தேயும், பத்திரத்தில் உள்ள பிரிக்கப்படாத மனைப் பங்குதான் நிற்கும். அது எத்தனை சதுர அடி என்று பார்க்கச் சொன்னேன். 380. டேப் பிடித்து உள்ளே அளக்கச் சொன்னேன். 900 என்றது சுவருக்குள் 680 ஆயிற்று. மீதி மாடிப்படியும் பொதுவழியும்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன், அந்த ஊர்ச் செய்திகளை இன்றும் படிக்கிறேன். பிரான்சில் 1996 டிசம்பரில் கார்ரே சட்டம் வந்தது. ஃப்ளாட் விற்பவர் உள்அளவைப் பத்திரத்தில் எழுதியாக வேண்டும். இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் விலையில் அந்த விகிதத்தைத் திரும்பக் கேட்கலாம். நம் ஊரில் 2016 ரியல் எஸ்டேட் சட்டம் புது அடுக்ககம் கட்டி விற்பவர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. கைமாறும் பழைய ஃப்ளாட்டுக்கு நம் டேப்தான் சட்டம்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்த்தால் அதே கட்டடத்தில் முன்பு விற்றவர்கள் எழுதிய கைமாற்றுத் தொகை தெரியும். அது எப்போதும் முழு உண்மை இல்லை, ஆனாலும் ஒரு தடம். 2024 ஜூலையில் திருத்திய வழிகாட்டி மதிப்பு பத்திரச் செலவைக் கணக்கிடத்தான். அதுவே விலை என்று நினைக்க வேண்டாம்.

தரகர் சும்மா இருப்பாரா? "பரந்தூர் ஏர்போர்ட் வருது சார், அப்புறம் இந்த விலைக்குக் கிடைக்காது." 2022-ல் அறிவித்த திட்டம். ஏகனாபுரத்துக்காரர்கள் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று போராடி வருகிறார்கள். விமானம் பறக்கும் நாளின் விலையை இவன் இன்றே ஏன் கொடுக்கவேண்டும்?

"பத்திரத்துல 28 போட்டுக்கலாம், மீதி கையில" என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டவே வேண்டாம் என்றேன். பாங்க் 28-க்குத்தான் கடன் தரும். அதோடு, நில, வீட்டுப் பேரத்தில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்திருக்கிறது.

அவன் 32 கேட்டான். காரணங்களோடு கேட்டான். உள்அளவு, மனைப் பங்கு, மாற்றவேண்டிய தண்ணீர்க் குழாய். விற்பவர் கோபிக்கவில்லை. 37-க்கு இறங்கினார். இவன் 34 வரை போய் நின்றான். "அம்மா சங்கிலிய வெச்சா ஒரு லட்சம் கிடைக்கும் மாமா, தரகரும் காத்திருப்பாரு" என்றான். கூடுதல் கடனையும் சேர்த்துப் பார் என்றேன். எட்டரை சதவீத வட்டியில் இருபது வருஷத்துக்கு, ஒவ்வொரு லட்சமும் இரண்டு லட்சத்துக்கு மேலாகத் திரும்பிப் போகும்.

அந்த வீடு பத்து நாளில் வேறு ஒருவருக்கு 37-க்கே போய்விட்டது. அவன் மனைவி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என் நண்பர் ஒருவரும், "பிடிச்ச வீட்டுக்கு மூணு லட்சம் பார்க்கலாமா?" என்று கேட்டார். கையில் இருந்தால் பார்க்க வேண்டியதில்லை. வாங்கியவருக்கு அது கட்டுப்படியாகியிருக்கலாம், அவர் ஏமாந்தார் என்று நான் சொல்லவில்லை. இவனுக்குக் கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் வருத்தம் எனக்குப் புரிகிறது. என் யோசனையால் ஒரு வீடு கைநழுவியது உண்மை. ஆனால் என் தங்கை கழுத்தில் சங்கிலி இருக்கிறது. 34 என்று எழுதிய காகிதத்தை மருமகன் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறொரு வீடு பார்க்கப் போகிறோம். டேப் என் கையில்.