பட்டமும் ஏரும்

சென்ற விடுமுறையில் என் பழைய மாணாக்கன் ஒருவன் என்னைக் காண வந்தான். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் பயில்பவன். நான்காண்டுப் படிப்பின் இறுதியாண்டில் நிற்பவன். திரியாய் அவனது பூர்வீக ஊர்.

"ஐயா, அப்பா அரசாங்க உத்தியோகத்துக்குக் காத்திரு என்கிறார். மாமா வெளிநாட்டுக்கு வா என்கிறார். எனக்கோ வயலில் இறங்க விருப்பம். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்றான்.

உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. "படித்தால் சேற்றில் இறங்க வேண்டியதில்லை" என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் அறிவுரை கூறியவன் யான். அதே வாயால் உழவு அதிகாரத்துக்குப் பொருளும் உரைத்தேன். இவ்விரண்டும் முரணும் என்பதை அவனது வினாவே எனக்கு உணர்த்திற்று.

வள்ளுவர் உழவை 104ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னையது குடிசெயல்வகை, பின்னையது நல்குரவு, அதற்கும் அடுத்தது இரவு. குடியை உயர்த்தக் கருதுவோன் கைக்கொள்ளத்தக்கது உழவு. அதனைக் கைவிட்ட நாடு வறுமையையும், பின் இரத்தலையும் காணும் என்று இவ்வைப்பு முறைக்கு யான் பொருள் கொள்வதுண்டு.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2021ஆம் ஆண்டு சித்திரையில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. கார்த்திகையில் அத்தடை தளர்த்தப்பட்டது. இடையில் விளைச்சல் குன்றியது. அரிசி விலை ஏறியது. சேதனப் பசளை நன்றா, இரசாயனப் பசளை நன்றா என்ற வாதம் மேடைகளில் முழங்கிற்று. தன் மண்ணுக்கு எது, எவ்வளவு, எப்போது வேண்டும் என்று வரம்பில் நின்று சொல்லவல்ல படித்த பிள்ளைகள் ஊர்தோறும் இருந்திருப்பின், உழவன் அத்துணை தடுமாறியிரான்.

எனினும், "வயலுக்குப் போ" என்று கூறிவிடுதல் எளிது. வயல் எங்கே? 1985இல் திரியாய் எரிந்தது; மக்கள் இடம்பெயர்ந்தனர். நெடுங்காலம் கழித்தே குடும்பங்கள் சிறிது சிறிதாக மீண்டன. உழவரற்ற நிலம் காடாயிற்று. காடான நிலம் வனம் என்றும், தொல்லியற் காப்பிடம் என்றும் எல்லையிடப்பட்டுப் பிணக்கில் நிற்கிறது. பாட்டன் உழுத காணியைப் பேரன் உழுவதற்குப் பட்டம் மட்டும் போதாது.

ஆகவே, இறுதியாண்டில் அவன் தேடவேண்டியவை மூன்று என்று கூறினேன்.

முதலாவது மொழி. அவன் விவசாயம் பயில்வது ஆங்கிலத்தில். கபிலநிறத் தத்தியின் விஞ்ஞானப் பெயரை அவன் அறிவான். "அறக்கொட்டியான் விழுந்துவிட்டது" என்று ஊர்க் கிழவர் அலறுவதும் அதனையே என்பதை அறியானாயின், அவன் கற்ற கல்வி வரம்பைத் தாண்டி வயலுக்குள் இறங்காது. பெரும்போகம் ஒன்றிலேனும் முதிய உழவர் ஒருவருடன் விதைப்பு முதல் சூடடிப்பு வரை நிற்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு. விளைவிப்பது ஒரு கலை. விற்பது வேறொரு கலை. அறுவடைக் கடனை அடைக்க நெல்லை ஈரத்தோடே விற்று நட்டப்படுவோரை நாம் கண்டிருக்கிறோம். உலர்த்துதல், களஞ்சியப்படுத்தல், நாலு பேர் கூடி விலை பேசுதல் ஆகியவற்றைப் பட்டதாரி முன்னின்று நடத்தலாம்.

மூன்றாவது காணிப் பத்திரம். உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம் ஆகியவற்றைத் தேடித் தொகுத்தலும் இன்று உழவின் ஒரு பகுதியே.

உத்தியோகத்தை யான் இகழவில்லை. விவசாயப் போதனாசிரியராக அமர்ந்து நூறு வயல்களுக்கு வழிகாட்டுதல் சிறந்த பணி. ஆனால் எந்த நாற்காலியேனும் கிடைத்தாற் போதும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருத்தலையே யான் மறுக்கிறேன். பெற்றோரும் ஆசிரியரும் திருந்தவேண்டியது இங்கேதான். படித்த பிள்ளை மண்வெட்டி எடுத்தால் "இதற்கா படித்தாய்?" என்று கேட்கும் நாவே அவனை ஊரைவிட்டுத் துரத்துகிறது. அந்நாவில் என் நாவும் ஒன்றாயிருந்தது.

விடைபெறும்போது, "பாட்டனாரின் உறுதி அம்மாவின் பெட்டிக்குள் இருக்கக்கூடும், போய்ப் பார்க்கிறேன், ஐயா" என்றான். அடுத்த தவணை, உழவு அதிகாரத்தை யான் வேறுவிதமாகவே கற்பிப்பேன்.