கறை அல்ல, கல்

போன மாதம் கண் மருத்துவரிடம் போயிருந்தேன். இரண்டு கண்ணிலும் புரை எடுத்து நான்கு வருடம் ஆகிறது. அப்படியிருந்தும் சாயங்காலம் காலாப்பட்டுப் பக்கமிருந்து காரில் திரும்பி வரும்போது, எதிரே வரும் விளக்குகள் எல்லாம் மத்தாப்பு மாதிரி சிதறித் தெரிந்தன. ஒரு நாள், ஓரமாகச் சைக்கிளில் போனவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். அவர் திட்டியது நியாயம்தான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கை நடுக்கம் அடங்கும்வரை ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல ஒண்ணும் குறை இல்ல. கண்ணாடியைப் பாருங்க" என்றார். மூக்குக் கண்ணாடியைச் சொல்கிறார் என்று நினைத்துக் கடைக்குப் போய்ச் சோதித்தேன். அதுவும் சரியாகவே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. மிச்சம் இருக்கிற கண்ணாடி கார் கண்ணாடி ஒன்றுதான்.

காலை வெயிலில் நின்று பார்த்தேன். முன் கண்ணாடியிலும் இடது பக்க ஜன்னல்களிலும் அம்மைத் தழும்பு போல வட்டம் வட்டமாக வெள்ளைக் கறை. பகலில் ஊடுருவிப் பார்க்கும்போது கண்ணுக்குப் படாத இந்தப் புள்ளிகள்தான் இரவில் ஒவ்வொரு விளக்கையும் நூறாக்கிக் காட்டுகின்றன.

மாதச் சம்பளத்துக்கு வண்டி துடைக்க வருகிற தம்பியை மறுநாள் விடியற்காலையில் பிடித்துக்கொண்டேன். "காசு மட்டும் சரியா வாங்கிக்கிற, வேலை இப்படியா?" என்று கேட்டுவிட்டேன். அவன், "தேய்ச்சுத்தான் சார் பார்க்கிறேன், போக மாட்டேங்குது. தண்ணி அப்படி சார்" என்றான். "தண்ணி மேல பழி போடாத" என்றேன். அடுத்த நாளிலிருந்து அவன் வரவில்லை.

சரி, நாமே தேய்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஷாம்பு, பாத்திரம் தேய்க்கிற திரவம், பழைய செய்தித்தாள் என்று எல்லாம் ஆயிற்று. ஈரமாக இருக்கும்வரை கறை மறைந்திருக்கும். காய்ந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். சமையலறையிலிருந்து பச்சை நாரை எடுத்து ஒரு மூலையில் தேய்த்ததில், கறை இருந்த இடத்தில் இருக்க, மெல்லிய கீறல்கள் விழுந்ததுதான் மிச்சம். அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.

வழி காட்டியது என் மனைவிதான். வெந்நீர் போடும் மின்கெண்டிக்குள் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைக் கரைக்க, எலுமிச்சம்பழ மூடிகளைப் போட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். "இதுவும் அதே போர் தண்ணிதானே?" என்றாள்.

அப்போது எனக்குப் பள்ளிக்கூடத்துச் சொல் ஒன்று ஞாபகம் வந்தது. நாங்கள் ரசாயனம் படித்ததெல்லாம் பிரெஞ்சில். கெண்டியில் படிகிற இந்தப் பொருக்கைப் பிரெஞ்சில் 'கல்கேர்' என்பார்கள். சுண்ணாம்புப் பாறைக்கும் அதே சொல்தான். பாறையும் பொருக்கும் ஒன்று என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நாம் 'உப்புக் கறை' என்கிறோம். உப்பாக இருந்தால் தண்ணீர் பட்டதும் கரைய வேண்டாமா? கறையாக இருந்தால் சோப்புக்குப் போக வேண்டாமா? பெயரைத் தப்பாக வைத்துக்கொண்டதால்தான் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்கிறோம், துடைக்கிறவனையும் வைகிறோம்.

நடப்பது இதுதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, பூமிக்குள் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. அந்த நீரை நாம் போர் போட்டு எடுக்கிறோம். கண்ணாடிமேல் அது காயும்போது வாயு பறந்துவிடுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. குடிநீருக்கான இந்தியத் தரம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஒத்துக்கொள்கிறது. அந்த 600 கணக்கில் 15 லிட்டர் வாளி ஒன்றில் 9 கிராம். ஒரு பவுனுக்கும் அதிகமான கல்லை வாளியில் வைத்துக்கொண்டுதான் நாம் வண்டி கழுவுகிறோம்.

கல்லை நீக்க பலம் தேவையில்லை, புளிப்பு போதும். நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி சூடு ஆறியபின் முதலில் தாராளமாகத் தண்ணீர் விட்டுத் தூசியைப் போக்க வேண்டும். தூசி என்பது பொடி மணல். மணல் கண்ணாடியைவிடக் கடினம். அதை வைத்துத் தேய்த்தால் கீறும். பிறகு மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் டிஷ்யூ பேப்பரை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட வேண்டும். பத்து நிமிடம் அது காயக்கூடாது. காய்ந்தால் இன்னும் கொஞ்சம் தெளிக்கலாம். அப்புறம் காகிதத்தை எடுத்துவிட்டு, மெல்லிய துணியால் அழுத்தாமல் துடைக்க வேண்டும். பாதி போகும். மீதிக்கு இன்னொரு தடவை. கடைசியில் நல்ல தண்ணீரால் பெயின்ட், ரப்பர் எல்லாவற்றையும் அலசி, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். எனக்கு ஒரு பாட்டில் வினிகரும் இரண்டு காலைப் பொழுதும் ஆயின.

வாட்ஸ்அப்பில் வருகிற வைத்தியங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வினிகரில் சமையல் சோடாவைக் கலந்தால் நுரை பொங்கும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, கல்லை அப்படியே விட்டுவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட் கல்லைக் கரைக்கும்தான். கூடவே பெயின்டையும் உலோகப் பட்டைகளையும் உங்கள் கையையும் ஒரு கை பார்த்துவிடும். அதை பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் கிளம்புகிற குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

எத்தனை தடவை வினிகர் போட்டாலும் அசையாத சில வட்டங்கள் இருக்கும். அவை அமிலத்துக்குக் கரையாத மணற்சத்தாக இருக்கலாம். அல்லது பல மாதம் ஊறி, கண்ணாடியையே அரித்த தடமாக இருக்கலாம். அதற்கு, மூக்குக் கண்ணாடி வில்லைகளை மெருகேற்றப் பயன்படும் சீரியம் ஆக்சைடு பொடிதான் வழி. அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. முன் கண்ணாடியை நாமே தேய்த்துக் குழிபண்ணினால் சாலையே நெளிந்து தெரியும்.

இனி என் தரப்புத் தீர்ப்பு. கறை ஏன் முன்னாலும் இடது பக்கமும் மட்டும் அதிகம் என்று யோசித்தேன். துடைத்தவன் சரியில்லை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே? வண்டி நிற்கும் இடத்துக்கு இடது பக்கம் செம்பருத்தியும் நந்தியாவட்டையும். தினமும் காலை ஏழு மணிக்கு ஹோஸ் பிடித்து அவற்றுக்குத் தண்ணீர் அடிப்பவன் நான். தூறல் போய் விழுவது கார்மேல். அப்புறம் நாள் முழுக்க வெயில். அந்தத் தம்பி விடியுமுன் துடைத்துவிட்டுப் போன கண்ணாடியில், தினந்தோறும் கல் நட்டவன் நானேதான்.

34 வருடம் அரசாங்கக் கோப்புகளோடு இருந்தவன். ஒருவர்மேல் குற்றம் சொல்வதற்கு முன் விளக்கம் கேட்க வேண்டும், விளக்கம் தந்தால் அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விதியா? அந்தத் தம்பி "தண்ணி அப்படி சார்" என்று மூன்று சொல்லில் சரியான விளக்கம் தந்தான். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நம்மில் பலர் வாசலில் வேலை செய்கிறவர்கள் சொல்வதைக் காதில் வாங்குவது இந்த லட்சணத்தில்தான்.

அவன் துடைக்கும் இன்னொரு வீட்டு வாசலில் காத்திருந்து பார்த்துச் சொன்னேன், "தப்பு என் மேலதாம்பா." அவன் சிரித்து, "பரவால்ல சார், எல்லாரும் சொல்றதுதான்" என்றான். 'எல்லாரும் சொல்றதுதான்' என்றது எனக்குத் திட்டு வாங்கியதைவிட அதிகமாக உறைத்தது.

இப்போது மறுபடி வருகிறான். அவனுக்கு ஓர் உலர்ந்த துணி தனியாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஈரம் ஒற்றும் வேலைக்குச் சம்பளத்தையும் கூட்டியிருக்கிறேன். செடிகளுக்குக் குவளையில் ஊற்றுகிறேன். சொட்டு காயுமுன் துடைக்க அரை நிமிடம். காய்ந்தபின் கரைக்க இரண்டு நாள். நேற்று இரவு காலாப்பட்டிலிருந்து வந்தேன். எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்கும் இரண்டே விளக்குகள்தான் இருந்தன.