க்யூ இருக்கு, யூ இல்லை, அர்த்தமும் இல்லை!

ஸ்கிராபிள் ஆடும் கோஷ்டியிடம் ஒரு சின்னக் கேள்வி. க்யூ, ஐ என்று இரண்டு கட்டையைப் பலகையில் வைத்துவிட்டு "பதினொண்ணு!" என்று பாயிண்ட் எழுதிக்கொள்கிறார்களே, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

பெரும்பாலும் கிடைக்கிற பதில்: "அதெல்லாம் எதுக்கு மச்சி? லிஸ்ட்ல இருக்கு, செல்லும்!"

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மொத்தம் 100 கட்டையில் க்யூ ஒன்றுதான், யூ நான்கே நான்கு. கடைசிவரை க்யூ கையில் தங்கிவிட்டால் பத்து பாயிண்ட் கழிந்துவிடும். அதனால் யூ இல்லாத குட்டி வார்த்தைகளை உருப்போடுகிறார்கள். க்யூ-ஐ, இசட்-ஏ இரண்டும் 2006-ல் அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் சேர்ந்தபிறகு வேலை இன்னும் சுலபம். போட்டி விதியும் அர்த்தம் கேட்பதில்லை. எதிராளி ஆட்சேபித்தால் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இதற்கு மேலும் வாயைத் திறந்தால் உடனே நைஜல் ரிச்சர்ட்ஸைக் கூப்பிட்டு வருவார்கள். நியூசிலாந்துக்காரர். பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை அடித்தவர். 2024-ல் ஸ்பானிஷிலும் அதே கதை. அசாத்தியமான மூளை, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் ஜெயித்தது ஸ்கிராபிளை, பிரெஞ்சை அல்ல. பாரிஸில் போய் ஒரு காபி ஆர்டர் செய்ய அந்தப் பட்டம் உதவாது.

நம்மூர் ஆட்டக்காரர்கள் வீட்டில் என்ன சொல்லி போர்டு வாங்கினார்கள்? "இங்கிலீஷ் வளரும்பா, வொகாபுலரி ஏறும்பா" என்றுதானே? அங்கேதான் கணக்கு உதைக்கிறது. அர்த்தம் தெரியாத வார்த்தை, சரக்கே வராமல் போட்ட பில் மாதிரி. நோட்டில் வரவு இருக்கும், குடோன் காலியாக இருக்கும்.

அந்தக் குடோனில் என்னவெல்லாம் இருந்திருக்கலாம் என்று பாருங்கள்:

க்யூ-ஐ: உச்சரிப்பு "சீ". சீன மருத்துவத்தில் உடம்பெங்கும் ஓடுவதாகச் சொல்லும் உயிர்சக்தி. அக்குபஞ்சர் ஊசியின் அடிப்படையே இதுதான்.

க்யூ-ஏ-டி: ஏமன் நாட்டில் மதியத்துக்கு மேல் மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் போதை இலை.

எஸ்-யூ-க்யூ: அரபு நாட்டுக் கடைவீதி.

க்யூ-ஏ-டி-ஐ: இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்புச் சொல்பவர். தமிழில் "காஜி" என்கிறோமே, அவரேதான்!

எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர்: வேறு யாருமில்லை, நம் ஊர் "பக்கிரி"!

இசட்-ஏ: பீட்சாவின் வால். அமெரிக்கக் கொச்சை.

இசட்-ஏ-எக்ஸ்: கூரைக்குப் போடும் கல்பலகையை வெட்டி, ஆணிக்கு ஓட்டை போடும் கருவி.

தெருவில் பக்கிரி என்ற பெயரைக் கேட்டே வளர்ந்த பையன், அதே வார்த்தையை "யூ இல்லாத க்யூ, அஞ்செழுத்து" என்று மட்டும் மனப்பாடம் செய்கிறான். இதைவிடக் கொடுமை உண்டா?

இவர்களுக்கு நேர் எதிராக இன்னொரு கோஷ்டி. "இதெல்லாம் இங்கிலீஷே இல்ல, க்யூவுக்குப் பின்னாடி யூ வரணும், ஸ்கூல்ல படிக்கலையா?" என்று எகிறுவார்கள். அந்த விதியே இரவல் என்பது அவர்களுக்குத் தெரியாது. பழைய ஆங்கிலத்தில் ராணிக்கு எழுதியது சி-டபிள்யூ-இ-என். 1066-ல் நார்மன்கள் வந்து நாட்டைப் பிடித்தபிறகு, அவர்கள் வழி எழுத்தர்கள்தான் அந்த இடத்தில் க்யூ-யூ போட ஆரம்பித்தார்கள். இரவல் யூ ஆங்கிலமாம், இரவல் பக்கிரி மட்டும் ஆங்கிலம் இல்லையாம். நல்ல நியாயம்!

இரண்டு கோஷ்டிக்கும் வியாதி ஒன்றுதான். வார்த்தை எங்கிருந்து வந்தது, என்ன சொல்கிறது என்று பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் உருப்போடும் வேலையே பாதி குறைந்திருக்கும். அரபியில் தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒரு "க" உண்டு, அதை ஆங்கிலத்தில் க்யூ என்று எழுதுவார்கள். சீன மொழியை ஆங்கில எழுத்தில் எழுதும்போது "ச்"சை ஒட்டிய ஓர் ஒலிக்கும் க்யூ போடுவார்கள். இரண்டுக்கும் யூ தேவையே இல்லை. காரணம் தெரிந்த வார்த்தை மறக்காது. காரணம் தெரியாத வார்த்தை செமஸ்டர் முடிந்த மறுநாள் பறந்துவிடும்.

போட்டி விதியை யாரும் மாற்ற வேண்டாம். ஹாஸ்டல் ரூமில், கேன்டீன் மேஜையில் ஆடும்போது மட்டும் ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள்: வார்த்தை வைப்பவர் அர்த்தம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பாயிண்ட் பூஜ்யம். ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். பாயிண்ட் குறையும், சண்டை கூடும். ஆனால் வீட்டில் சொல்லி வாங்கிய அந்தப் பொய், கொஞ்சம் கொஞ்சமாக நிஜமாகும் :-)