காவலைத் தளர்த்த வேண்டாம்



மழைக்காலத்தில் நாலு நாள் மறந்துபோன ரொட்டித் துண்டை எடுத்துப் பாருங்கள். முதலில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூசணம் படரும். பிறகு அதன்மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளிகளுக்குள் இருப்பவை பூசணத்தின் வித்துகள். காற்றில் மிதக்கும் இப்படிப்பட்ட வித்துகளை நாம் எல்லோருமே தினமும் மூச்சில் இழுக்கிறோம்.

2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை நம்மை உலுக்கியபோது வந்த 'கருப்புப் பூஞ்சை'யை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பெரும்பாலும் உண்டாக்கியது, ரொட்டியில் பூக்கும் 'ரைசோபஸ்' இனத்தைச் சேர்ந்த பூஞ்சைதான். அந்த மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. ஜூலைக்குள் நாடு முழுவதும் 45 ஆயிரம் பேருக்கும் மேல் பாதிக்கப்பட்டார்கள்; 4 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். உயிர் பிழைக்கக் கண்ணையே இழந்தவர்களும் உண்டு. அதற்கான ஆம்போடெரிசின் ஊசிமருந்துக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன.

எல்லோரும் சுவாசிக்கும் வித்து, சிலரை மட்டும் ஏன் வீழ்த்துகிறது?

இதற்கான விடையின் முதல் நுனியை 1884-லேயே பிடித்தவர் உயிரியலாளர் இலியா மெச்னிகாஃப். கண்ணாடி போன்ற உடல்கொண்ட நீர்த்தெள்ளு என்ற சிற்றுயிரை அவர் நுண்ணோக்கியில் கவனித்தார். ஊசி போன்ற பூஞ்சை வித்துகள் அதன் குடலைத் துளைத்து உள்ளே நுழைந்தன. உடனே சில செல்கள் சூழ்ந்துகொண்டு அவற்றை விழுங்கின. செல்கள் வென்றால் தெள்ளு பிழைத்தது. வித்து முளைத்துவிட்டால் தெள்ளு செத்தது. இந்த விழுங்கு செல்கள் பற்றிய ஆய்வுக்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நுரையீரலிலும் இதே காவல்தான். உள்ளே வரும் வித்தை விழுங்கு செல்கள் பிடித்து, முளைக்கவிடாமல் அடக்கிவைக்கின்றன. தப்பி முளைத்து இழையாக நீண்டால், 'நியூட்ரோபில்' என்ற வெள்ளணுக்கள் விரைந்து வருகின்றன. விழுங்க முடியாத நீளத்துக்கு இழை வளர்ந்திருந்தால், அதன்மேல் நச்சுப் பொருள்களைக் கொட்டுகின்றன, தம் டி.என்.ஏ.வையே வலையாக விரித்து மடக்குவதும் உண்டு.

ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறினால் இந்த வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. அது முற்றி ரத்தத்தில் அமிலம் கூடும்போது, புரதங்கள் கட்டிவைத்திருக்கும் இரும்புச்சத்து விடுபட்டு, பூஞ்சைக்குத் தீனியாகிறது. ஸ்டீராய்டும் காவலைத் தளர்த்தும். கொரோனாவில் மூச்சுத் திணறியவர்களின் உயிரைக் காத்த அதே மருந்து, தேவையின்றியோ அளவு மீறியோ போனபோது பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அலை ஓய்ந்துவிட்டது, தேவையின்றி ஸ்டீராய்டைப் பயன்படுத்தும் பழக்கம் ஓயவில்லை என்பதே என் கவலை. தோலில் பூஞ்சையால் வரும் படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் அங்கே அடங்குவது நம் எதிர்ப்புதான். பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும்.

பூஞ்சை நோய் எதற்கும் மனிதர்களுக்கான தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. நம்மிடம் இருப்பது நம் ரத்தத்தில் ஓடும் காவல்தான். ஆகவே உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: சர்க்கரை அளவைத் தவறாமல் பாருங்கள். மருத்துவர் எழுதித் தராமல் ஸ்டீராய்டைத் தொடாதீர்கள். அவர் தந்ததை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு பக்கம் முகவலி, மூக்கில் கருப்பான கசிவு, கண் வீக்கம், பார்ப்பது இரண்டாகத் தெரிவது என எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த நோயில் ஒரு நாள் தாமதமும் பெரிய இழப்பாகிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்