வெள்ளையாக்கும் கிறீமும் வியாபாரியின் பொறுப்பும்

கல்முனையிலிருந்து வினாயகபுரம் வரை வீதியோரத்துப் பென்சிக் கடைகளில் முகத்தை வெள்ளையாக்கும் கிறீமுக்கு நல்ல கிராக்கி. கல்யாணக் காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். இலாபமும் பரவாயில்லை. உற்பத்தியாளர் பெயரோ முகவரியோ இல்லாமல் வரும் டப்பாக்களைப் பற்றித்தான் இங்கு பேச வேண்டியுள்ளது.

கேரளாவில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல், எம்மூர்களைப் போலவே வெளிநாட்டுச் சம்பாத்தியம் புழங்கும் இடம். அங்குள்ள ஒரு வைத்தியசாலையில் 2021 ஜூலை தொடக்கம் 2023 செப்டெம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயுடன் 22 பேர் இனங்காணப்பட்டனர். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அபூர்வமான ரகம். அந்தப் 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிறீம் பூசியவர்கள்! பூசுவதை நிறுத்தியதும் அநேகர் தேறினர்.

காரணம் பாதரசம். பாதரச உப்பு தோலில் கருமை நிறம் உருவாவதைத் தடுக்கிறது. ஆகவே முகம் வெளுப்பது பொய்யல்ல. அதே பாதரசம் தோலூடாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. சிறுநீரில் புரதம் போகும், கால் வீங்கும். கைநடுக்கம், ஞாபக மறதியும் வரலாம். தாயின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் பிள்ளைக்கும் சேரும். விட்டால் பழைய நிறம் திரும்பிவிடும், வாடிக்கையாளரும் திரும்ப வருவார். ஓடுகிற சரக்கு என்று நாம் சந்தோஷப்படுவது இதைத்தான்.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குப் பின் உற்பத்தி செய்யவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்று 2023இல் அதன் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன.

"நானா செய்தேன், புறக்கோட்டையில் வாங்கியதுதானே" என்பது நியாயமாகாது. விற்பவர் நாம். மொத்த வியாபாரியிடம் சிட்டையும் இறக்குமதியாளர் பெயரும் கேளுங்கள். தரத் தயங்கினால் சரக்கு வேண்டாம். பாதரசம் என்று லேபலில் பெரும்பாலும் போட மாட்டார்கள். ஆனால் "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று சிலவற்றில் எழுதியிருக்கும். பாதரசம் பட்டால் தங்கம் வெளுக்கும் என்பது நகைக்கடைக்காரருக்குத் தெரியாததல்ல.

இப்போது தட்டில் இருப்பதை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள். எடுக்க மறுத்தால் நட்டம்தான், அதற்காக மலிவு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். களப்பில் கொட்டவும் வேண்டாம், அது மீனில் ஏறி நம் சட்டிக்கே வரும். மூடி திறக்காமல் கட்டி வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுச் செய்யுங்கள்.