சுவரை மறைக்கும் பாரம்பரியம்

பழைய தேவாலயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கோபுரத்தின் உயரத்தைச் சொல்வார்கள். வண்ணக் கண்ணாடியைச் சொல்வார்கள். கட்டிய ஆண்டைச் சொல்வார்கள். உள்ளே யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நான் ராயபுரத்துக்காரன். மீனவரான பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இட்ட பெயர் ராயப்பர். எங்கள் ஊரின் பெயரே அதிலிருந்து வந்தது. துறைமுகம் இல்லாத காலத்தில் மசூலா படகுகளில் அலையைக் கடந்து கப்பல் சரக்கை இறக்கிய படகோட்டிகள் எழுப்பிய கோயில் எங்களுடையது. இதைப் பெருமையோடு சொல்லித் திரிபவன்தான் நானும். ஆனால், கோயிலைக் கட்டிய உழைப்பைப் பேசும் நாம், கோயிலுக்குள் புகுந்த சாதியையும் பேச வேண்டும். அதற்குத் திருநெல்வேலி மாவட்டத்தின் வடக்கன்குளம் போக வேண்டும்.

1872இல் அங்கே இயேசு சபைக் குருக்கள் கட்டிய திருக்குடும்ப ஆலயத்தின் வரைபடமே ஒரு சாதிச் சான்றிதழ். பீடம் ஒன்று. அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு, கால்சட்டையின் இரு கால்களைப் போல. ஒன்று வெள்ளாளர் தரப்புக்கு, மற்றது நாடார் தரப்புக்கு. நடுவில் சுவர். ஒரே அப்பத்தைப் பகிரச் சொன்ன மதம், சாதிக்கு அளவெடுத்துக் கட்டடம் தைத்துக் கொடுத்தது.

1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். பிள்ளைமார் மனந்திரும்பவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிரிந்து உட்காருவது தங்கள் உரிமை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றார்கள்.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதற்கு முன் அவர் பெயரில் ஒட்டியிருந்த 'பிள்ளை'யை நீக்கவே எதிர்ப்புக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. சுவர் விழுந்து நூறாண்டு கடந்தும் வால் விழவில்லை.

"பழையதை ஏன் கிளறுகிறீர்கள்?" என்பார்கள். எது பழையது? 2008இல், அன்றைய விழுப்புரம் மாவட்ட எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் அவர்களுடைய வீடுகளைத் தாக்கினார்கள். அதே மாதா, அதே ஜெபமாலை!

அரசின் வேடம் இன்னொன்று. கிறிஸ்தவத்துக்குப் போனவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்க மறுக்கிறது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு, தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் இன்னும் மூடியே கிடக்கிறது. கோயிலுக்குள் சாதி பார்த்து ஒதுக்குவார்கள். உரிமை கேட்டால் உங்கள் மதத்தில் சாதியே இல்லை என்பார்கள்.

தோழர்களே, அடுத்த முறை பழைய தேவாலயம் ஒன்றைப் படம் எடுத்துப் போடும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இங்கே யார் எங்கே உட்கார்ந்தார்கள்? கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் கிடக்கிறார்கள்? பங்குப் பேரவையில் இன்று யார் இருக்கிறார்கள்? பதிலையும் படத்தோடு சேர்த்து எழுதுங்கள். அதை எழுதாத பாரம்பரியம், இடித்த சுவரைத் திரும்பக் கட்டும் வேலைதான்.